நைட்ரோ வண்டிக்கு மோட்டார் மாட்டிய கதை

பார்சல் அலுவலகத்தில் இருந்தவர் அட்டைப்பெட்டியை என் பக்கம் தள்ளவில்லை. தன் பக்கமே வைத்துக்கொண்டு, மேலே ஒட்டியிருந்த சீட்டை விரலால் தொட்டுக் காட்டினார்.

"மெத்தனால்னு போட்டிருக்குங்களே சார்?"

"ரிமோட் காருக்கு ஊத்துறதுங்க. குடிக்கிறதுக்கு இல்ல."

"குடிக்கிறதுக்குன்னு யாருங்க எழுதி அனுப்புவாங்க?"

அது 2024 ஜூன் கடைசி வாரம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்துகொண்டிருந்தார்கள். எண்ணிக்கை கடைசியில் 60-ஐத் தாண்டியது. தினமும் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் அந்தச் சொல்தான். நான் அவரிடம் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. பெட்டி அனுப்பியவருக்கே திரும்பிப் போனது. அவர் மேல் கோபம் வரவில்லை, அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்று 1959-லேயே விதிகள் வந்துவிட்டன. பன்னிரண்டு வருடமாக மாடிப்படிக்குக் கீழே கேன் வைத்திருந்த எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

அன்றைக்கு அந்தக் கேனில் அரை லிட்டர் மிச்சம் இருந்தது. வண்டியின் டேங்க் 125 மில்லி. ஒரு டேங்க் எட்டு, ஒன்பது நிமிடம் ஓடும். அதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் காணும்.

ரிமோட் கார் என்றதும் பொம்மைக் கடை வாசலில் தொங்குவது நினைவுக்கு வரும். இது வேறு ரகம். நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு என்ற கணக்கில் செய்த பக்கி, அதாவது மண் தரையில் ஓட்டுகிற பந்தய வண்டி. அரை மீட்டர் நீளம், மூன்றரைக் கிலோ எடை, நான்கு சக்கரத்துக்கும் இழுவை, முன்னால் ஒன்று நடுவில் ஒன்று பின்னால் ஒன்று என்று மூன்று டிஃபரென்ஷியல் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி). உள்ளே 3.5 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின். டிவிஎஸ் 50 இன்ஜினை ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரி சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். ஆனால் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் போகும்.

இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது, க்ளோ பிளக். 1947-இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் சந்தைக்குக் கொண்டுவந்து குட்டி இன்ஜின்களின் உலகத்தையே மாற்றிய சமாச்சாரம். பிளக்குக்குள் மயிரிழை போல ஒரு பிளாட்டினச் சுருள். கிளப்பும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைச் சிவக்க வைக்க வேண்டும். இன்ஜின் பிடித்துக்கொண்டால் மின்சாரத்தை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தைத் தொட்டாலே சூடு பிறக்கும். அதோடு ஒவ்வொரு வெடிப்பின் சூடும் சேர்ந்து அடுத்த வெடிப்பு வரை சுருளைக் கங்காகவே வைத்திருக்கும். முதல் தடவை இதைப் படித்தபோது அரை மணி நேரம் பிளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எரிபொருளும் அப்படித்தான். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். அதோடு கலக்கிற நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7. காரணம், தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பாதிக்கு மேல் அது தன் மூலக்கூறுக்குள்ளேயே கட்டுச்சோறாகக் கொண்டுவந்துவிடுகிறது. எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலைவிட நைட்ரோமீத்தேனில் சக்தி குறைவு. ஆனால் ஒரு மூச்சுக் காற்றுக்கு எவ்வளவோ கூடுதலாக ஊற்றி எரிக்கலாம், அதுதான் ரகசியம். நான் வாங்கியதில் 20 சதவீதம் நைட்ரோமீத்தேன், நைட்ரோ வண்டி என்ற பெயர் இதனால்தான். அப்போது லிட்டர் ஆயிரம் ரூபாய்க்கு மேல். மீதி மெத்தனாலும் எண்ணெயும். எண்ணெயில் ஒரு பங்கு நம் விளக்கெண்ணெய். இன்ஜின் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிக்கொள்வதில் அதற்கு ஈடு குறைவு என்பதால் முதல் உலகப் போர் விமானங்களிலேயே ஊற்றியிருக்கிறார்கள். அந்தப் புகையை மூச்சு முட்டக் குடித்த விமானிகளுக்கு வயிறு என்ன ஆனது என்பதை நம் வீட்டுப் பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்த வாசம் என் சட்டையில் பன்னிரண்டு வருடம் இருந்தது. ஞாயிறு சாயங்காலம் நான் வந்தால் துணியைத் தனி வாளியில் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

நைட்ரோ வண்டி ஓட்டுவது என்றால் பாதி நேரம் திருப்புளியும் கையுமாக இருப்பது. கார்புரேட்டரில் எரிபொருளைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு நீடில் (ஊசித் திருகு): ஒன்று முழு வேகத்துக்கு, ஒன்று அடி வேகத்துக்கு. எட்டில் ஒரு பங்கு திருப்பு கூடினால் புகை தள்ளிக்கொண்டு முனகும். அதே அளவு குறைந்தால் சத்தம் கூர்மையாகும், வண்டி பறக்கும், நாமும் பூரித்துப் போவோம், மூன்றாவது சுற்றில் பிஸ்டன் போய்விடும். எண்ணெய் எரிபொருளோடுதானே வருகிறது, எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். இன்ஜின் தலையின் சூடு 100 முதல் 130 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு பார்க்கும் கருவி வாங்குவதற்கு முன் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். பொறுமையாக மூன்று, நான்கு நொடியில் சுண்டினால் சரி. உடனே சீறி மறைந்தால் ஆபத்து. தோசைக்கல் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோவையில் இதில் இன்னொரு கூத்து. காலை ஏழு மணிக் குளிரில் வைத்த நீடில் பத்து மணி வெயிலுக்கு ஒத்துவராது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு அடிக்கும்போது மறுபடி முதலிலிருந்து. நாங்கள் நான்கைந்து பேர் ஊருக்கு வெளியே விற்காமல் கிடந்த ஒரு லே-அவுட்டில் கூடுவோம். ஒருவர் வண்டி கிளம்பாது. மூன்று பேர் அதைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து ஆளுக்கொரு வைத்தியம் சொல்வோம். கயிறு இழுத்து இழுத்துக் கை ஓயும். கிளம்பியதும் எல்லோரும் கை தட்டுவோம். அந்த நேரத்தில் பெரும்பாலும் வெயில் ஏறிவிடும், வீட்டிலிருந்து போன் வந்துவிடும்.

ஒரு தடவை வண்டி கை மீறிப் போனதும் உண்டு. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு நான்கு பென்சில் பேட்டரி. அது தீரும் நேரத்தில் நான் ஆக்சிலேட்டரை முக்கால் வரை அழுத்தியிருந்தேன். ஆக்சிலேட்டரை நகர்த்துகிற சர்வோ என்ற குட்டி மோட்டார் அங்கேயே நின்றுவிட்டது. இழுத்து மூடுவதற்கென்று ஒரு ஸ்பிரிங் போட வேண்டும், அது பத்து ரூபாய் சாமான், நான் போடவில்லை. மூன்றரைக் கிலோ இரும்பும் அலுமினியமும் அலறிக்கொண்டு நேராக ஓடி, மேய்ந்துகொண்டிருந்த ஒரு மாட்டுக்கு ஒரு முழம் தள்ளிப் போய், மைல்கல்லில் மோதி நின்றது. மாடு தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எரிபொருள் இனி வராது. வண்டியை விற்கலாம் என்றால் வாங்குகிறவருக்கும் அதே பிரச்சினை. இன்ஜினை எடுத்துவிட்டு மின்சார மோட்டார் மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். வெளிநாட்டில் இதற்கென்று தயார் செட் விற்கிறார்கள். என் பழைய சேஸிக்கு ஏற்றது எங்கும் கிடைக்கவில்லை. கோவையில் இருந்துகொண்டு ஒரு அலுமினியத் துண்டைக் கடலைத் தாண்டி வரவழைப்பது வெட்கக்கேடு என்றும் தோன்றியது. தடுக்கி விழுந்தால் லேத் பட்டறை. பம்பும் கிரைண்டரும் செய்கிற ஊர், செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர்.

கோவை கணபதி பகுதியில் எனக்குத் தெரிந்த பட்டறைக்கு மோட்டாரை எடுத்துப் போனேன். உரிமையாளர் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"ஏனுங்க சார், இது எத்தனை எச்பிங்க?"

"ரெண்டு வரைக்கும் வரும்ண்ணா."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. இரண்டு எச்பி மோட்டார் செய்கிறவர்களுக்கு மத்தியில் வாழ்கிறவர் அவர். அதைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். கணக்குப் போட்டுக் காட்டினேன்: நான்கு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 14.8 வோல்ட், ஒரு நொடிக்கு 100 ஆம்பியர் இழுத்தால் 1480 வாட், எச்பிக்கு 746 என்று வகுத்துக்கொள்ளுங்கள். "ஒரு நொடிக்குத்தானுங்களா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படீன்னா சரி" என்று அளவுகோலை எடுத்தார்.

மோட்டார் தேர்வில் நான் அதிகம் குழம்பவில்லை. பிரஷ்லெஸ் (உள்ளே உரசும் கரித்துண்டு இல்லாத) மோட்டார்களுக்கு கேவி என்று ஒரு எண் போடுவார்கள். சுமை இல்லாமல் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது அது. 2000 கேவி மோட்டாருக்கு 14.8 வோல்ட் கொடுத்தால் 29,600 சுற்று. பழைய இன்ஜினும் ஏறக்குறைய அங்கேதான் நின்றது. அதனால் பல்சக்கரக் கணக்கை மாற்ற வேண்டியதில்லை. கிளட்ச் பெல்லில் 13 பல் இருந்த இடத்தில் மோட்டார் தண்டில் 13 பல் பினியன் (சின்னப் பல்சக்கரம்), எதிரே இருக்கிற 46 பல் ஸ்பர் கியர் (பெரிய பல்சக்கரம்) அப்படியே. கேவி அதிகமாக இருக்கிறதை வாங்கினால் வேகம் என்று கடைக்காரர்கள் ஆசை காட்டுவார்கள். இவ்வளவு கனமான வண்டிக்கு அது மோட்டாரைச் சுடவைக்கிற வழி.

பட்டறைக்காரர் ஆறு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் எல் வடிவத்தில் ஒரு தாங்கி செய்து கொடுத்தார். மோட்டார் முகத்தில் திருகுத் துளைகளுக்கு நடுவே 25 மில்லிமீட்டர். அந்தத் துளைகளை வட்டமாகப் போடாமல் நீள்துளையாகப் போடச் சொன்னேன், மோட்டாரை முன்னே பின்னே நகர்த்தினால்தான் பல்லோடு பல் சரியாகப் பொருத்த முடியும். இரண்டு பல்சக்கரத்துக்கும் இடையில் ஒரு துண்டு நோட்டுத்தாளை விட்டு நெருக்கித் திருகை இறுக்கி, பிறகு தாளை உருவிவிட வேண்டும். அந்தத் தாளின் கனம்தான் இடைவெளி. இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அவர் இருபது வருடமாகச் செய்வதும் அதேதானாம், சிகரெட் அட்டை உள்தாள் வைத்து.

கழற்றியதைப் பற்றிச் சொன்னால் ஒரு தட்டு நிறையும். இன்ஜின், டேங்க், புகைக்குழாய், ஏர் ஃபில்டர், கிளட்ச், ஆக்சிலேட்டர் சர்வோ, அதன் கம்பிகள், பென்சில் பேட்டரிப் பெட்டி. இன்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீல் எட்டிப் பார்ப்பதற்காகச் சேஸியில் வெட்டியிருந்த ஓட்டை மட்டும் பல் விழுந்த இடம் போலத் திறந்து கிடந்தது. மண் ஏறும் என்று ஒரு தகடு வைத்து மூடினேன். மாட்டியது மூன்றே மூன்று: மோட்டார், அதன் வேகத்தை ஆளும் இஎஸ்சி, பேட்டரி. ரிசீவருக்கு வேண்டிய ஆறு வோல்ட்டையும் இஎஸ்சியே கொடுத்துவிடுகிறது. அந்த மைல்கல் சம்பவத்துக்கு இனி பென்சில் பேட்டரி காரணமாகாது. பேட்டரி அரைக் கிலோ இருப்பதால் டேங்க் இருந்த பக்கம் அதை வைத்து இடது வலது எடையைச் சமன் செய்தேன். கனத்த ஒயரைப் பற்றவைக்க வீட்டில் இருந்த 25 வாட் சால்டரிங் அயர்ன் திணறியது. ஈயம் உருகுவதற்குள் ஒயரின் உறை வெந்துவிடும் போலிருந்தது. பெரிய அயர்ன் ஒன்று இரவல் வாங்கினேன்.

பிரேக்தான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. நைட்ரோவில் நடு டிஃபரென்ஷியலின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன டிஸ்க். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக வைக்கலாம். மோட்டார் வந்தால் மோட்டாரே பிரேக். பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும், ஆனால் முன் பின் பாகம் பிரிக்க வழியில்லை. நான்கு வருடம் செலவழித்துக் கண்டுபிடித்த அளவு அது. டிஸ்க்குகளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

முதல் ஓட்டம் வீட்டு வாசலில். பேட்டரியைச் சொருகியதும் டப்பென்று நீலப் பொறி. இஎஸ்சிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே மடக்கில் குடிக்கிற சத்தம் அது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் வந்ததால் நான் இரண்டடி பின்வாங்கினேன். (பொறி வராத கனெக்டர் விற்கிறது. இப்போது அதுதான்.) பிறகு மெதுவாக ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

"அப்பா, பின்னாடி போகுதுப்பா" என்றாள் மகள்.

பன்னிரண்டு வருட அனுபவம், மூன்று வாரப் பட்டறை வேலை, வண்டி ரிவர்ஸில் கேட்டைப் போய் முட்டியது. மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் சுற்றும் திசை மாறும். மாற்றினேன். ஒரு நிமிட வேலை. நைட்ரோவில் ஒரு நிமிடத்தில் தீர்ந்த பிரச்சினை ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

லே-அவுட்டில் ஓட்டியபோது இன்னொன்று புரிந்தது. நைட்ரோவில் கிளட்ச் பிடிக்க ஒரு கணம் ஆகும், சுற்று ஏற இன்னொரு கணம். மோட்டாருக்கு அந்தப் பேச்சே இல்லை. தொட்டவுடன் மொத்த முறுக்கும் வந்து இறங்குகிறது. முன் சக்கரங்கள் காற்றில் சுற்ற, பின்னால் இழுவையே இல்லை. நடு டிஃபரென்ஷியலில் இருந்த சிலிக்கான் எண்ணெயை வடித்துவிட்டு இன்னும் கெட்டியானதை ஊற்றிய பிறகுதான் முன் சக்கரம் சக்தியைத் திருடுவது நின்றது. தேன் பதத்தில் இருந்ததை வெல்லப்பாகு பதத்துக்கு மாற்றினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி விஷயத்தில் ஒரு அடி வாங்கினேன். லிப்போ செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், 3-க்குக் கீழே இறங்கவிடக் கூடாது, சும்மா வைத்திருப்பதானால் 3.8-இல் வைக்க வேண்டும். இதெல்லாம் தெரியும். தெரிந்தும் ஏப்ரல் மாதம் முழு சார்ஜோடு அலமாரியில் போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். மூன்று வாரம் கழித்து வந்தால் பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. பல்பு மாட்டி முழுக்க வடித்து, மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுத்தேன். இப்போது சார்ஜ் போடுவது பால்கனியில், மணல் போட்ட பூந்தொட்டிக்குள், நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். நைட்ரோ ஆபத்து என்று விட்டு வந்தவன் இதைத் தூங்கும் குழந்தை மாதிரி காவல் காக்கிறேன்.

இதற்கெல்லாம் நான் தயாராகத்தான் இருந்தேன். ஒன்றுக்குத்தான் தயாராக இல்லை. எனக்கு வண்டி ஓட்ட வரவில்லை.

நைட்ரோ காலத்தில் மூன்று மணி நேரம் மைதானத்தில் இருந்தால் முப்பது நிமிடம் ஓட்டியிருப்பேன். மோசமான சுற்று வந்தால் நீடில் சரியில்லை, வெயில் ஏறிவிட்டது, பிளக் பழசு. காரணத்துக்குப் பஞ்சமே வந்ததில்லை. இப்போது பேட்டரியைச் சொருகினால் இருபது நிமிடம் ஒரே சீராக ஓடுகிறது. முதல் சுற்றும் பத்தாவது சுற்றும் ஒரே மோட்டார், ஒரே முறுக்கு. மாறுவது என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். ஐந்து பழைய டயர் வைத்து ஒரு தடம் போட்டு, போனில் நேரம் பார்த்தோம். பத்துச் சுற்றில் நான்கு முறை கவிழ்த்தேன். வளைவுக்குள் வேகமாக நுழைந்து, நடுவில் பயந்து, வெளியே வரும்போது ஆத்திரத்தில் அழுத்துகிறேன். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் ஓட்டியிருக்க வேண்டும், கிளட்ச் தாமதம் என் தப்பை மூடி மறைத்திருக்கிறது. ஏழாம் வகுப்பு படிக்கிற மகள் வளைவுக்கு முன்னாலேயே விரலை எடுக்கிறாள். சுற்றுக்கு இரண்டு நொடி என்னைவிடக் குறைவு. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சொல்லிக்கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

இன்னொரு மாற்றமும் உண்டு. முன்பெல்லாம் சத்தம் கேட்டுப் பக்கத்துத் தெருப் பையன்கள் சைக்கிளில் வந்துவிடுவார்கள். இப்போது யாரும் வருவதில்லை. பழைய கூட்டத்தில் இரண்டு பேர் மோட்டாருக்கு மாறிவிட்டார்கள், மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். மாறியவர்களும் வருவார்கள், இரண்டு பேட்டரி ஓட்டுவார்கள், கிளம்பிவிடுவார்கள். குந்தி உட்கார்ந்து பேச எதுவும் கெட்டுப்போவதில்லை.

இன்ஜின் அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒரு முறை இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஃப்ளைவீலைக் கையால் திருப்புவேன். பிஸ்டன் உச்சிக்குப் போகும் இடத்தில் ஒரு இறுக்கம் வரும். சிலிண்டரின் உள்கூடு மேலே போகப் போகக் குறுகும்படி செய்திருப்பதால் வருவது. சூடாகி விரிந்தால்தான் சரியாகும். அந்த இறுக்கம் இன்னும் இருக்கிறது.

போன மாதம் தாங்கியில் ஒரு திருகு மரை போய்விட்டது என்று பட்டறைக்குப் போனபோது உரிமையாளர் கேட்டார், "அந்தப் பழைய இன்ஜினை ஒருக்கா ஓட்டிக் காட்டுங்களேன், சத்தம் கேக்கணும்." மிச்சம் இருந்த அரை லிட்டரை எப்படியாவது தீர்க்க வேண்டும் என்பதும் என் மனதில் இருந்தது. சாக்கடையில் ஊற்ற முடியாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. அடுத்த சனிக்கிழமை இன்ஜின், டேங்க், புகைக்குழாய் மூன்றையும் ஒரு பலகையில் திருகி எடுத்துப் போனேன். பலகையை வைஸில் பிடித்தோம். க்ளோ பிளக்கின் தலையில் அந்த ஒன்றரை வோல்ட்டைக் கொடுக்கும் இக்னைட்டரைச் செருகிக் கயிற்றை இழுத்தேன். வரவில்லை. பழைய எரிபொருள், காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். நீடிலைக் கால் திருப்பு திறந்தேன். இழுத்தேன். அவர் இழுத்தார். லேத்தில் நின்ற பையன் இழுத்தான். இருபது நிமிடம்.

பிறகு பிடித்துக்கொண்டது. பட்டறையில் எல்லா மிஷினும் ஓடும்போதே அதைத் தாண்டிக் கேட்டது அந்தக் கீச்சொலி. பக்கத்துப் பட்டறைப் பையன்கள் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார்கள். விளக்கெண்ணெய்ப் புகை. ஒரு நிமிடம் இருக்கும், முனகி நின்றுவிட்டது. மறுபடி இழுத்தோம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுருள் சிவக்கவே இல்லை. இக்னைட்டரில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றார்.

"ஒன்னுமில்லண்ணா. கிளப்புறதுக்கு உள்ள பேட்டரி காலி."

அவர் பிளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கும் பேட்டரிதானுங்களா?"